மேடும் குழியும்: பல் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பைப் பற்றியே கேட்டிருந்தன. கேட்டவர்களில் மாணவர்களும் உண்டு, ஒரு தாயும் ஒரு தந்தையும் உண்டு. அனைவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் சில சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லும் பரப்பில் எழுந்து நிற்கும் குன்றைக் கல்லூரியில் கஸ்ப் என்பார்கள். அதிலிருந்து இறங்கும் ரிட்ஜை இங்கே வரப்பு என்றும், ஃபாஸாவைக் குழி என்றும், குரூவை வாய்க்கால் என்றும் எழுதுகிறேன். முகத்தின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல். அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி கிரீடம். கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் நிற்பவை முன்கடைவாய்ப்பற்கள்.

கேள்வி: நான் பல் மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை மெழுகுக் கட்டையில் மூன்று முறை செதுக்கிவிட்டேன். அளவு சரியாகவே வருகிறது. ஆனாலும் "நான்கு உருண்டைகளை ஒட்டவைத்தது போல இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்? – மாணவி, தொண்டி

பதில்: படத்தைப் பார்த்தேன். கிரீட உயரம் 7.5 மி.மீ., மீசியல் டிஸ்டல் அகலம் 10 மி.மீ., கன்னப்பக்கத்திலிருந்து அண்ணப்பக்கம் வரை 11 மி.மீ. என்று பாடநூல் தரும் விகிதத்தைப் பிசகாமல் பெரிதாக்கியிருக்கிறீர்கள். கத்தி பிடிக்கும் கை நன்றாகவே இருக்கிறது. தவறு, உச்சியிலிருந்து தொடங்கியதில் இருக்கிறது. நான்கு உச்சிகளைப் புள்ளிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றி மழித்திருக்கிறீர்கள். அப்படி மழித்தால் உருண்டைதான் மிஞ்சும். கஸ்ப்புக்கு உச்சியைவிடச் சரிவுகளே முக்கியம், ஏனென்றால் எதிர்ப்பல் வந்து தொடுவதும் வழுக்கிச் செல்வதும் உணவு அரைபடுவதும் சரிவில்தான். ஒவ்வொரு கஸ்ப்பிலிருந்தும் நான்கு வரப்புகள் இறங்குகின்றன: ஒன்று பல்லின் வெளிச்சுவரில், இரண்டு விளிம்போடு முன்னும் பின்னும், நான்காவது பல்லின் நடுவை நோக்கி. நடுவை நோக்கி இறங்கும் அந்த முக்கோண வரப்பு உங்கள் மெழுகில் ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த கட்டையில் இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் மேலிருந்து பார்க்கும்போது தெரியும் வெளிக்கோட்டைச் செதுக்குங்கள். அது சதுரமாக இராது, சாய்சதுரமாக இருக்கும்; மீசியல் கன்னமூலையும் டிஸ்டல் அண்ணமூலையும் கூர்ங்கோணமாகவும், மற்ற இரண்டு மூலைகளும் விரிகோணமாகவும் அமையும். பெரும்பாலான பற்கள் நாக்குப்பக்கம் போகப்போக ஒடுங்கும். இந்தப் பல்லோ அண்ணப்பக்கத்தில்தான் சற்று அகலமாக இருக்கும். அதன்பின் உச்சிகளைத் தொடாமல் குழிகளைக் குறித்து, வாய்க்கால்களை வெட்டுங்கள். வாய்க்கால் வெட்டியபின் அதை நோக்கி மண்ணைச் சரிப்பது போல மெழுகைச் சரித்துக்கொண்டே வந்தால், சரிவுகள் சந்திக்கும் இடத்தில் உச்சி தானாக எழும்.

இனி, இந்தப் பல்லை இந்தப் பல்லாக ஆக்கும் ஒன்றுக்கு வருகிறேன். மீசியல் அண்ணக் கஸ்ப்பிலிருந்து டிஸ்டல் கன்னக் கஸ்ப்புக்குக் குறுக்காக ஒரு சாய்வு வரப்பு ஓடுகிறது. தனுஷ்கோடி முனைக்கு நீங்கள் போயிருந்தால் இதை எளிதில் மனத்தில் பதிக்கலாம். ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் அலையடிக்கும் ஆண்கடல், இரண்டையும் கலக்கவிடாமல் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு. அதைப் போலவே சாய்வு வரப்பு, மீசியல் பக்கத்து நடுக்குழியையும் டிஸ்டல் பக்கத்துச் சிறுகுழியையும் பிரித்து நிற்கிறது. நடுக்குழியிலிருந்து புறப்படும் வாய்க்கால் இரண்டு கன்னக் கஸ்ப்புகளுக்கு இடையே வெளியேறுகிறது. டிஸ்டல் குழியிலிருந்து புறப்படுவது அண்ணப்பக்கச் சுவரில் இறங்குகிறது. நீங்கள் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு நான்கு பக்கமும் வெட்டிவிட்டீர்கள். கூட்டல் குறி கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு உரியது.

வரப்பு ஏன் குறுக்காகப் போகிறது என்று தெரிந்தால் மறக்கவே மாட்டீர்கள். பாலூட்டிகளின் மேல்கடைவாய்ப்பல் மூன்று கஸ்ப் கொண்ட முக்கோணமாகத் தொடங்கியது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளரான எட்வர்ட் டிரிங்கர் கோப் எடுத்துரைத்தார். ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் அதை விரித்து, கஸ்ப்புகளுக்கு இன்றும் வழங்கும் பெயர்களைச் சூட்டினார். மீசியல் அண்ணக் கஸ்ப் புரோட்டோகோன், மீசியல் கன்னக் கஸ்ப் பாராகோன், டிஸ்டல் கன்னக் கஸ்ப் மெட்டாகோன். இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணத்தின் பின்புற எல்லைதான் நம் சாய்வு வரப்பு. நான்காவதான டிஸ்டல் அண்ணக் கஸ்ப், அதாவது ஹைப்போகோன், பிற்காலத்தில் அந்த முக்கோணத்துக்கு வெளியே வந்து சேர்ந்தது. ஆகவே நான்கில் சிறியது அதுவே. இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப்பற்களில் மேலும் சுருங்கி, சிலருக்கு இல்லாமலே போவதும் அதுவே. நான்கையும் ஒரே அளவில் செதுக்கினால் பல்லின் வரலாறே அழிந்துவிடும். மீசியல் அண்ணக் கஸ்ப் எல்லாவற்றிலும் பெரியது; அடுத்து மீசியல் கன்னம், பிறகு டிஸ்டல் கன்னம், கடைசியாக டிஸ்டல் அண்ணம். சிலருக்கு மீசியல் அண்ணக் கஸ்ப்பின் சுவரில் ஐந்தாவதாக ஒரு சிறு மேடு இருக்கும். வியன்னாவில் பணியாற்றிய பல் மருத்துவர் கராபெல்லி 1842இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. அது மெல்லும் மட்டத்துக்கு எட்டுவதில்லை. சிலருக்கு வெறும் பள்ளமாகவே நின்றுவிடும்.

செதுக்கி முடித்ததும் மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்க்காதீர்கள். மேலிருந்து விழும் ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும் சன்னல் ஓரத்தில் மெழுகைப் பிடித்துத் திருப்புங்கள். கடற்கரை மணலில் மேடுபள்ளம் அந்த நேரத்தில்தான் துலங்கும்; பல்லிலும் அப்படியே. கீழ்த்தாடை வார்ப்பு ஒன்று கிடைத்தால் அதன் முதல் கடைவாய்ப்பல்லின் நடுக்குழியில் உங்கள் மீசியல் அண்ணக் கஸ்ப் போய் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்துவிட்டால் நான்காவது கட்டை திரும்பி வராது.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் ஒரு பல்லை எடுத்து வைத்து, வலமா இடமா என்று கேட்கிறார்கள். மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில் மட்டும் நான் தவறாமல் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். – மாணவர், கீழக்கரை

பதில்: தவறாமல் மாறுகிறது என்றால், நீங்கள் ஒரு விதியைச் சரியாகப் படித்து அது பொருந்தாத இடத்தில் பொருத்துகிறீர்கள் என்று பொருள். கோரைப்பல்லின் உச்சியிலிருந்து இறங்கும் இரண்டு சரிவுகளில் மீசியல் சரிவே குட்டையானது என்று கற்றிருப்பீர்கள். இந்தப் பல்லின் கன்னக் கஸ்ப்பில் அது தலைகீழ்: மீசியல் சரிவு நீளமானது, உச்சி டிஸ்டல் பக்கம் தள்ளி நிற்கும். கோரைப்பல் விதியோடு போனால் வலம் இடமாகத்தான் தெரியும்.

அதனால் கன்னக் கஸ்ப்பை விட்டுவிட்டு மீசியல் சுவரைத் தேடுங்கள். அதில் இரண்டு அடையாளங்கள் உண்டு. நடு வாய்க்கால் மீசியல் ஓர வரப்பை, வயல் வரப்பில் மடை திறந்தது போல அறுத்துக்கொண்டு வெளியே இறங்கும். டிஸ்டல் பக்கத்தில் அப்படி இறங்குவது அரிது. அதற்குக் கீழே, பல்லின் கழுத்தில் தொடங்கி வேரில் தொடரும் ஓர் அகன்ற பள்ளம் இருக்கும். கண்ணைவிட நகம் அதை விரைவில் கண்டுபிடிக்கும். அண்ணக் கஸ்ப்பின் உச்சியும் மீசியல் பக்கமே சாய்ந்திருக்கும். இப்போது வேர் மேலே இருக்க, கன்னப்பக்கம் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். மடை உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது நோயாளியின் வலப்பல், உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் (எஃப்.டி.ஐ.) எண்முறையில் 14, இடக்கைப் பக்கம் இருந்தால் 24.

கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லையும் சேர்த்தே படித்துவிடுங்கள். அதன் நாக்குப்பக்கக் கஸ்ப் மிகச் சிறியது, எதிர்ப்பல்லைத் தொடுவதில்லை. மற்றப் பற்களில் மீசியல் ஓர வரப்பே உயரமாக இருக்க, இதில் மட்டும் அது தாழ்ந்திருக்கும்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு ஆறு வயது முடிகிறது. பால்பல் ஒன்றும் விழாமலே கடைசியில் பெரிய பல் முளைத்திருக்கிறது. அதன் நடுவில் கறுப்புக் கோடு தெரிகிறது. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். – ஒரு தாய், பாம்பன்

பதில்: விழாது, அம்மா. மேலே மாணவி மெழுகில் செதுக்கிக்கொண்டிருக்கும் அதே பல்தான் உங்கள் மகனின் வாயில் முளைத்திருக்கிறது. பால்பற்களுக்குப் பின்னால் புதிய இடத்தில் முளைப்பதாலும், அதற்கு முன்னுள்ள பால்பல்லும் ஏறக்குறைய அதே வடிவில் இருப்பதாலும், இதைப் பால்பல் என்று எண்ணிவிடுவது நம் ஊர்களில் மிகவும் பரவலாக நடக்கிறது. அப்படி எண்ணிக் கைவிடப்பட்டு, பத்து வயதுக்குள் வேர்வரை சொத்தையாகி வரும் பற்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இந்தப் பல் எழுபது வயதிலும் அவனுக்கு வேண்டும்.

வாய்க்கால்களின் அடியில் பிரஷ்ஷின் நார்கூட நுழைய முடியாத நுண்பிளவுகள் இருக்கின்றன. இனிப்பும் கிருமியும் அங்கே தங்கிவிடும். முளைத்துச் சில ஆண்டுகள்வரை எனாமல் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. கறுப்புக் கோடு வெறும் கறையாகவும் இருக்கலாம், சொத்தையின் தொடக்கமாகவும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த வாரமே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சொத்தை இல்லையென்றால் பிளவுகளைச் சீலன்ட் என்னும் பூச்சால் மூடிவிடலாம். ஊசி, வலி எதுவும் இல்லை. நான்கு மூலையிலும் இதே பல் வரும், நான்கையும் காட்டுங்கள்.

கேள்வி: விளைமீனின் தாடையைப் பிரித்துப் பார்த்தால் பின்பக்கத்தில் உருண்டையான பற்கள் இருக்கின்றன. அவையும் கடைவாய்ப்பற்களா? மீனுக்குக் கஸ்ப் உண்டா? – பள்ளி ஆசிரியர், மண்டபம்

பதில்: உணவுத்தட்டில் கிடந்ததைப் பார்த்துக் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விளைமீன் நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும் மீன். அந்த உருண்டைகள் அதற்கான சம்மட்டிகள். ஆனால் மேல் உருண்டை கீழ்க்குழியில் பொருந்துவது என்ற ஏற்பாடு அங்கே இல்லை. மீனுக்குப் பற்கள் வாழ்நாள் முழுதும் விழுந்து விழுந்து முளைக்கின்றன. சுறாவின் வாயில் வரிசை வரிசையாகப் பற்கள் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருவதை ஏலக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு நாள் மாறும் பல்லோடு எதிர்ப்பல் நுட்பமாகப் பொருந்த வழியில்லை. பாலூட்டிகள் பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே பல்லை மாற்றிக்கொண்டு, பிறகு அதே பல்லோடு வாழ்கின்றன. மேட்டுக்குக் குழி, குழிக்கு மேடு என்று மேலும் கீழும் இணைய முடிந்தது அதனால்தான்.

கடலிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. ஓங்கல் என்னும் டால்பின் பாலூட்டிதான், ஆனால் மீனைப் பிடித்து மெல்லாமல் விழுங்குவதால் அதன் பற்கள் எல்லாம் ஒரே கூம்பு வடிவத்துக்குத் திரும்பிவிட்டன. நாம் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு, கடற்புல்லை வாயிலுள்ள சொரசொரப்பான கொம்புத்தகட்டால் நசுக்குவதால், அதன் பின்பற்கள் தேய்ந்து வெறும் முளைகளாக நிற்கின்றன. அந்தப் பல் கரையில் கிடைத்தாலும் எடுத்துவைத்துக்கொள்ளாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் கறிக்கடையில் ஓர் ஆட்டுத்தலையின் தாடையைக் கேட்டு வாங்கி வேகவைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஆட்டின் கஸ்ப்புகள் பிறைபிறையாக நீண்டிருக்கும். பிறைகளின் ஓரத்தில் விரலை ஓட்டினால் அரம் போல அறுக்கும். பக்கவாட்டில் அரைக்கும் விலங்குக்கு வேண்டிய வடிவம் அது.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. கீழே புதிதாக முளைத்த பல்லின் நடுவில் முள் போல ஒன்று நிற்கிறது. நாக்கில் குத்துவதாகச் சொல்கிறாள். ராவிவிடலாமா? – ஒரு தந்தை, ஏர்வாடி

பதில்: ராவ வேண்டாம், யாரையும் ராவவும் விடாதீர்கள். முன்கடைவாய்ப்பல்லின் நடுவில் இப்படி ஒரு கூடுதல் கஸ்ப் எழுவது ஆசிய மக்களிடையே காணப்படும் ஒன்று. பல நேரங்களில் அந்த முள்ளுக்குள்ளும், நரம்பும் இரத்தக்குழாயும் கொண்ட பற்கூழின் கிளை ஏறியிருக்கும். அது முறிந்தால், சொத்தையே இல்லாத பல் உள்ளிருந்து சீழ்ப்பிடிக்கும். வேர் இன்னும் வளர்ந்து முடியாத வயதில் அது பெரிய இழப்பு. முள்ளைச் சுற்றிப் பல்நிறப் பிசின் (காம்போசிட்) அடைப்பை அணைத்துவைத்து, முறியாதபடி தாங்கிக்கொடுப்பதுதான் வழக்கமான மருத்துவம். கடினமான முறுக்கு, பனங்கிழங்கு ஆகியவற்றை அதுவரை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். சொத்தைப் பல்லில் வைக்கும் அடைப்பு உயரமாகிவிட்டால் நோயாளி வலியோடு திரும்பி வருகிறார். அதைவிட, எதிர்ப்பல்லைத் தொடாதபடி தட்டையாக முடித்துவிடுவது பாதுகாப்பானதல்லவா? – இராமநாதபுரம்

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் தங்கச்சிமடத்திலிருந்து வந்த விசைப்படகு ஓட்டுநர் ஒருவருக்குக் கீழ்த்தாடை வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை அடைத்தேன். இடிக்கிறதா, இடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, இல்லை என்று அவர் சொல்லும்வரை ராவினேன். ஒரு மாதம் கழித்து வந்தார். "இடிக்கலம்மா. ஆனா அரைக்கவும் மாட்டேங்குது. அந்தப் பக்கம் கருவாட்டப் போட்டா வழுக்கிக்கிட்டுப் போகுது" என்றார். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது என் தவறு பளிச்சென்று தெரிந்தது. ஐந்து கஸ்ப் இருக்க வேண்டிய பல்லில், நாக்குப்பக்கத்து இரண்டு மட்டும் நின்றன. கன்னப்பக்கத்து மூன்றும் இருந்த இடம் மொழுமொழுவென்று தட்டு போல இருந்தது.

இழந்தது எது என்று பாருங்கள். கீழ்ப்பற்களில் கன்னக் கஸ்ப்புகளும், மேற்பற்களில் அண்ணக் கஸ்ப்புகளும்தான் எதிர்ப்பல்லின் குழியில் இறங்கி உலக்கை போல வேலை செய்பவை. தாடை மூடும் உயரத்தைத் தாங்குபவையும் அவையே. மற்ற இரண்டு வரிசைகள் கன்னமும் நாக்கும் கடிபடாமல் காத்து, உணவை நடுவே நிறுத்துபவை. நான் உலக்கையை அறுத்துவிட்டு உரலை மட்டும் விட்டுவைத்திருந்தேன். எதிர்ப்பல் இல்லாத இடத்தில் பல் மெல்ல எழும்பி வரும் என்பதால், இன்று தொடாதது நாளை கோணலாகத் தொடும் என்ற அபாயமும் உண்டு.

அந்த அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். இந்த முறை, மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே, இரண்டு பக்கமும், பற்கள் தொடும் இடத்தில் மை பதிக்கும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, எந்தெந்த இடத்தில் பற்கள் சந்திக்கின்றன என்று குறித்துக்கொண்டேன். பிசினை மொத்தமாக அப்பாமல், ஒரு கஸ்ப்பின் சரிவு, அதை விளக்கொளியில் கெட்டிப்படுத்தல், பிறகு அடுத்த சரிவு என்று எழுப்பினேன். சரிவு எவ்வளவு என்பதற்கு மிஞ்சியிருக்கும் பல்லே வழிகாட்டி: கருவியின் பக்கத்தை எஞ்சிய எனாமல் சரிவின்மேல் படியவைத்து அப்படியே நடுவை நோக்கி இழுத்தால், பிசின் அதே சாய்வை ஏற்கும். இரண்டு கஸ்ப்புகளின் சரிவுகள் சந்திக்கும் கோட்டில் வாய்க்கால் தானாகவே விழும். தனியாகக் கீற வேண்டியதில்லை.

முடிவில் நீலத்தாளைப் படிக்கும் முறை இதுதான். கடித்துத் திறந்ததும் சரிவுகளில் சிறு புள்ளிகள் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடைக்கும் முன் குறித்த புள்ளிகளோடு அவை ஒத்திருக்க வேண்டும். நடுவில் வெளுத்து ஓரம் நீலமாகத் தெரியும் வளையம் இருந்தால் அந்த இடம்தான் உயரம். அதை மட்டும் ராவுங்கள். பிறகு தாடையைப் பக்கவாட்டில் அசைக்கச் சொல்லுங்கள். நீண்ட இழுப்பாகப் பதியும் கோடு, தடுக்கிற சரிவைக் காட்டும். அதன் சாய்வைக் குறையுங்கள், உச்சியைக் குறைக்காதீர்கள். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது விழும் புள்ளியும், நிமிர்ந்து உட்கார்ந்து கடிக்கும்போது விழும் புள்ளியும் வேறுபடலாம் என்பதால், நாற்காலியை நிமிர்த்தி இன்னொரு முறை கடிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே கையுறையைக் கழற்றுங்கள்.